சாலையில் யாருக்குச் சுதந்திரம்?

வணக்கம் சார்,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிப்பவன் நான். கருத்துச் சுதந்திரம் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். அன்றாடம் பறிபோகிற சின்னச் சின்ன சுதந்திரங்களைப் பற்றி ஏன் எழுதுவதில்லை என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் பால் வாங்கக் கடைக்குப் போனேன். வீட்டிலிருந்து ஐந்நூறு மீட்டர்கூட இருக்காது. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, ஹெல்மெட் இல்லை என்று ஆயிரம் ரூபாய் ஃபைன் போட்டுவிட்டார்கள். எனக்கு மூன்று கேள்விகள். அடிபட்டால் உடையப்போவது என் தலை, அதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை? டாஸ்மாக்கில் சரக்கையும் விற்றுக்கொண்டு என் உயிர்மேல் அக்கறை என்றால் யார் நம்புவது? அதே ரோட்டில் ஆறு மாதமாக மூடாமல் கிடக்கிற பள்ளத்துக்கு யார் ஃபைன் கட்டுவது? காரில் பின்சீட்டுக்கும் பெல்ட் போடு, இங்கே ரோட்டைக் கடக்காதே என்று குடிமகனைக் குழந்தை மாதிரி நடத்துகிறார்கள். நாளைக்கு என்ன சாப்பிட வேண்டும் என்பதையும் சொல்வார்கள். நீங்கள் யார் பக்கம்?

ஆர்., திருப்பூர்

*

அன்புள்ள ஆர்.,

ஹெல்மெட் விஷயத்தில் நான் சட்டத்தின் பக்கம். ஆனால் உங்கள் மூன்று கேள்விகளில் கனமானது கடைசிக் கேள்விதான். அதற்கு வருகிறேன்.

முதல் கேள்வி ஏற்கெனவே நீதிமன்றப் படி ஏறியது. ஆந்திராவில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியபோது, நாடெங்கும் தடையின்றிச் சென்றுவரும் அடிப்படை உரிமையை அது பறிப்பதாக ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். 1988ல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஓட்டுபவரின் பாதுகாப்புக்கான ஏற்பாடு அந்த உரிமைக்குத் தடையாகாது என்பது தீர்ப்பின் சாரம். அமெரிக்காவில் இதே வழக்கு இன்னும் காரமாக நடந்தது. 1969ல் இலினாய் மாநில உச்ச நீதிமன்றம் அங்கிருந்த ஹெல்மெட் சட்டம் செல்லாது என்றே சொல்லிவிட்டது. 1972ல் மாசசூசெட்ஸ் வழக்கில் தீர்ப்பு மறுபக்கம் போனது. விழுந்தவரை ரோட்டிலிருந்து தூக்குவதும், ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும், வேலை போனால் உதவுவதும் சமூகம்தான், அப்படியிருக்க விளைவு அவரோடு முடிந்துவிடுவதாக எப்படிச் சொல்வது என்று அந்த நீதிமன்றம் கேட்டது. ஃப்ளோரிடா 2000ல் ஒரு நடுவழி கண்டது. 21 வயதைத் தாண்டியவர் 10,000 டாலருக்கு மருத்துவக் காப்பீடு வைத்திருந்தால் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டலாம். அதற்குப் பிறகு அங்கே மோட்டார் சைக்கிள் சாவுகள் கூடின.

யார் செலவழிப்பது என்ற இந்தக் கணக்கை நான் பிடித்துக்கொள்ள விரும்பவில்லை. விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழ்நாடு அரசு இலவசமாகத் தருகிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் அது. "பணம் எங்களுடையது, அதனால் நாங்கள் சொல்வதைக் கேள்" என்று அரசு பேச ஆரம்பித்தால், சர்க்கரை நோயாளியின் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் அது நிச்சயம் வரும். உங்கள் பயம் நியாயமானது. அரசு மருத்துவமனைப் படுக்கை குடிமக்களின் உரிமை. அதைக் காட்டிக் கீழ்ப்படியச் சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது.

நான் சட்டத்தின் பக்கம் நிற்பதற்குக் காரணம் வேறு. "என் தலை" என்கிறீர்கள். பனியன் கம்பெனிகள் விடுகிற நேரத்தில் உங்கள் ஊர் ரோட்டோரம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஓட்டுகிற அப்பா தலையில் ஹெல்மெட் இருக்கும், ஏனென்றால் ஃபைன் அவருக்குத்தான் என்று நினைப்பு. டேங்க்மேல் ஒரு குழந்தை, நடுவில் ஒரு குழந்தை, பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கும் அம்மா. மூன்று பேருக்கும் வெறுந்தலை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ல் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் வண்டியில் உட்கார்ந்து வந்தவர்கள். ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் அவர்கள் கையில் இல்லை. ஹெல்மெட் வேண்டுமா என்று அவர்களில் எத்தனை பேரைக் கேட்டிருப்பார்கள்? தனியாகப் போய் விழுந்தாலும் விஷயம் தனியாளோடு முடிவதில்லை. தலையில் அடிபட்டுப் பிழைத்துவந்தவரின் வீட்டில் மனைவி மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றப் பழகுகிறார், மகள் காலேஜை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறாள்.

ஐந்நூறு மீட்டர்தானே என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். விழுந்த தலை தரையில் மோதி நிற்கும்போது உள்ளே மூளை நிற்பதில்லை. அது போய் மண்டையோட்டின் உட்சுவரில் இடிக்கிறது. ஹெல்மெட்டின் ஓட்டுக்கு உள்பக்கம் தெர்மோகோல் மாதிரி ஒன்று தடிமனாக இருக்கிறதே, அது நசுங்குவதற்காகவே வைத்தது. அது நசுங்கும் கண நேரத்தில் தலையின் வேகம் மட்டுப்படுகிறது. ஒருமுறை அடி வாங்கிய ஹெல்மெட்டைத் தூக்கிப்போடச் சொல்வது அதனால்தான். தாடைப் பட்டையைப் போடாமல் விட்டால் மோதலுக்கு முன்பே அது கழன்று ஓடிவிடும், தலை தனியாகத்தான் தரைக்கு வரும். பால் கடைக்குப் போகும் வழியிலும் ரோடு அதே ரோடுதான்.

பேசவும், எழுதவும், கும்பிடவும், பிடித்தவரைக் கல்யாணம் செய்யவும் நமக்குள்ள சுதந்திரங்களோடு இதைச் சேர்த்து எண்ண என்னால் முடியாது. அவற்றைப் பறித்தால் மனிதன் வேறு ஆளாகிப்போகிறான். வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தால் நீங்கள் அதே ஆள்தான்.

டாஸ்மாக் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதை டாஸ்மாக்குக்கு எதிராகச் சொல்லுங்கள், நானும் கூட நிற்கிறேன். ஹெல்மெட்டைக் கழற்ற அது காரணமாகாது.

இனி உங்கள் பள்ளம்.

அதே 2022ல் 32,825 பேர் நடந்துபோகும்போது அடிபட்டு இறந்திருக்கிறார்கள். இவர்கள் வேகமாகப் போகவில்லை. யார் உயிருக்கும் இவர்களால் ஆபத்தில்லை. ஆனால் நம் சாலைகளில் முதலில் சுதந்திரம் பறிக்கப்பட்டது இவர்களிடமிருந்துதான். நடைபாதை என்று ஒன்று இருந்தால் அதில் டிரான்ஸ்பார்மர் இருக்கும், நிறுத்திவைத்த பைக்குகள் இருக்கும். அதனால் அவர்கள் ரோட்டில் இறங்கி நடக்கிறார்கள். நான்குவழிச் சாலை போட்ட ஊர்களின் நிலைமை இன்னும் மோசம். ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு ரோடு போகும். பஸ் ஸ்டாப் இந்தப் பக்கம், ரேஷன் கடை அந்தப் பக்கம். கீழே புகுந்து போக ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். நடுவில் செண்டர் மீடியனில் வரிசையாக அரளிச் செடி நிற்கும். அடுத்தமுறை பஸ்ஸில் போகும்போது கவனித்துப் பாருங்கள், அந்த அரளி வரிசையில் அங்கங்கே இடைவெளி விழுந்து, மண் இறுகி, ஒற்றையடிப் பாதை ஒன்று குறுக்கே போகும். ஜனங்கள் நடந்து நடந்தே உண்டாக்கிய பாதை. எங்கே கடக்க வேண்டியிருக்கிறது என்று அவர்கள் காலால் எழுதிக் காட்டிவிட்டார்கள். அங்கே ஒரு சிக்னலோ சுரங்கப்பாதையோ வைக்க வேண்டியவர்கள் கம்பிவேலி போட்டு அடைக்கிறார்கள். தலையில் புல்லுக்கட்டோடு நிற்கிற பாட்டி வேலியைச் சுற்றிக்கொண்டு இன்னும் ஆபத்தான இடத்தில் கடப்பார். நீங்கள் சொன்ன "இங்கே கடக்காதே" என்பதை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன்.

60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் அந்தப் பாட்டியைப் பார்த்துப் பிரேக்கில் கால் வைக்க எடுக்கும் ஒரு வினாடியிலேயே 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். 30ல் வந்தால் எட்டு மீட்டர். அப்படியும் மோதினால் மோதலின் ஆற்றல் நான்கில் ஒரு பங்குதான். ஆகவே கட்டுப்பாட்டின் பாரம் யார்மேல் விழ வேண்டும்? பிரிட்டனில் 2022 ஜனவரியில் திருத்திய சாலை விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. யாரால் மற்றவருக்கு அதிகக் கேடு வருமோ, அவருக்கே பொறுப்பும் அதிகம். லாரிக்கு அடுத்து கார், காருக்கு அடுத்து பைக், எல்லாவற்றுக்கும் கடைசியில் நடப்பவர். சட்டம் இந்த வரிசையில் கடுமை காட்டினால் அதைச் சுதந்திரத்தின் எதிரி என்று யாரும் சொல்ல முடியாது. நம் ஊரில் கண்டிப்பு பெரும்பாலும் கண்ணுக்கு எளிதில் படுகிற இடத்தில் நின்றுவிடுகிறது. வெறுந்தலை தூரத்திலேயே தெரியும். வேகத்தைப் பிடிக்க மெஷின் வேண்டும், பள்ளத்தைக் கேட்க மனசு வேண்டும்.

சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில்தான் 2025 மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் சேர்ந்த 198ஏ பிரிவும் இருக்கிறது. சாலையை விதிப்படி அமைக்காமலோ பராமரிக்காமலோ விட்டு, அதனால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்போ ஒப்பந்ததாரரோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் கட்ட வேண்டும். அப்படி யாரும் கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. உங்களிடம் ஆயிரம் ரூபாய் வாங்க ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அங்கே ஒரு ஆள் விழுந்து செத்த பிறகோ ஊனமான பிறகோதான் பிரிவே உயிர்பெறுகிறது. இங்கே உங்கள் கோபம் முழுக்க நியாயம், அதை ஹெல்மெட்டில் செலவழித்துவிடாதீர்கள்.

ஒன்று செய்யுங்கள். பள்ளத்தை, பக்கத்தில் ஏதாவது அடையாளம் தெரிகிற மாதிரி, தேதியோடு படம் எடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் அவர்தான் தலைவர், அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். 198ஏ பிரிவையும் போடுங்கள். யாராவது விழுந்தால் முன்கூட்டியே தெரியாது என்று அவர்கள் சொல்ல முடியாதபடி ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மனுவின் நகலை எனக்கு அனுப்பினால் பதில் வரும்வரை தளத்தில் வைத்திருக்கிறேன்.