புது ஆடுகள் விலகி மேய்ந்தால் நோயா?

கேள்வி: ஆரல்வாய்மொழிப் பக்கம் 40 செம்மறி வைத்திருக்கிறேன். போன மாதம் சந்தையில் 12 வாங்கிச் சேர்த்தேன். கும்பப்பூ நெல் அறுத்த வயலில் விட்டால் அந்த 12-ம் தனியாகவே மேய்கின்றன. கழுத்தில் கட்டும் ஜிபிஎஸ் பட்டை விற்க வந்தவர், ஆடுகளுக்கு நடுவே இடைவெளி 3 மீட்டருக்கு மேல் போனால் நோய், இது கணிதக் கணக்கு என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அப்படி ஒரு கணக்கே கிடையாது.

மேயும் ஆட்டுக்கு இரண்டு ஆசை. வாய்க்கெட்டும் புல் தனக்கே வேண்டும், அதனால் விலகும். துணை வேண்டும், அதனால் நெருங்கும். 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 100 மெரினோ ஆடுகளைக் கவனித்தார்கள். மெல்ல மெல்லப் பரவி, திடீரென ஓடி ஒன்றுகூடி, மறுபடியும் பரவின. இந்த இரண்டு ஆசைகளையும் வைத்தே அதற்குக் கணித மாதிரி அமைத்தார்கள். உங்கள் வயலிலும் பார்க்கலாம்: ஒன்று வாயில் நெல்தாளோடு தலையைத் தூக்கும், பக்கத்திலிருப்பது தூக்கும், அடுத்த நொடி மொத்தமும் ஓடும். ஒன்பது மணிக்கு இருந்த இடைவெளி ஒன்பதே காலுக்கு இருக்காது. அதில் 3 மீட்டர் என்று எதைப் பிடிப்பது?

பட்டை விற்பவர்கள் கொட்டகைக்குப் போடுவது போல வயலுக்கும் ஓர் எண்ணைக் கொண்டுவருகிறார்கள். வளர்ந்த ஆட்டுக்கு 10 முதல் 12 சதுர அடி என்பது கொட்டகைத் தரைக்கு. கடன் கொடுப்பவர்களும் இப்படித்தான்: திட்ட அறிக்கையில் மேய்ச்சல் இடத்துக்கும் அதே எண்ணைப் போடச் சொல்லி என்னிடமே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். படிவத்தில் கட்டம் இருக்கிறதாம், நிரப்ப வேண்டுமாம்! வயலில் இறங்கி ஒரு மந்தையைப் பார்த்தவர் இப்படிக் கேட்கமாட்டார்.

உங்கள் 12 ஆட்டுக்கு வருகிறேன். பழகிய முகத்தோடுதான் செம்மறி ஒட்டும். அந்த 12 ஒரு கூட்டம், உங்கள் 40 இன்னொரு கூட்டம். இரண்டையும் ஒரே மந்தையாகப் போட்டுச் சராசரி எடுத்தால் இடைவெளி பெரிதாகத்தான் வரும். அந்தச் சராசரியைக் காட்டித்தான் உங்களைப் பயமுறுத்துகிறார். சராசரியை விடுங்கள். ஒவ்வொரு ஆட்டுக்கும் மிக அருகிலிருக்கும் ஆடு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். வரப்பில் நின்று, எல்லாம் தலை கவிழ்ந்து மேயும்போது, ஆட்டு நீளத்தால் கண்ணளவு போடுங்கள். காலையில் மூன்று தடவை, இரண்டு நாள். 12-ம் தங்களுக்குள் இரண்டு மூன்று ஆட்டு நீளத்தில் இருந்தால் கவலையே வேண்டாம். சில வாரத்தில் கலந்துவிடும், ராத்திரி ஒரே பட்டியில் அடைத்தால் இன்னும் சீக்கிரம்.

ஆறு தடவையும் ஒரே ஆடுதான் தனித்து நின்றால் அதைப் பிடியுங்கள். காது தொங்குகிறதா, அசை போடுகிறதா, வாலடியில் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். சந்தை ஆட்டை வந்த அன்றே மந்தையில் விட்டது தப்பு. இனி வாங்கினால் மூன்று வாரமாவது தனியாகக் கட்டுங்கள், ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசியை மருந்தகத்தில் கேட்டு ஆடுகளுக்குப் போடுங்கள்.