ரயில் ஏறுவதற்கு முன்

கேள்வி: வயது 24. கோலாலம்பூர் செந்தூலில் அம்மா, அக்காவோடு இருக்கிறேன். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த நாளிலிருந்து கூட்டாளிகள் நாங்கள் ஐந்து பேர். யாருக்கும் நிலையான வேலை இல்லை. மாமாக் சாப்பாட்டுக் கடையிலேயே பாதி ராத்திரி போய்விடும். இப்போது பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. "எங்கள விட்டுட்டுப் போறியாடா?" என்கிறார்கள். இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் 'இ வித்தெல்லோனி' படம் பார்த்ததிலிருந்து, கடைசியில் கூட்டாளிகளை விட்டு ரயிலேறும் மொரால்டோ நான்தானோ என்று தூக்கமே இல்லை. போகட்டுமா?
– பெயர் வேண்டாம், செந்தூல்

பதில்: போங்கள் தம்பி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மொரால்டோவை மட்டும் பார்த்துவிட்டு ஆல்பர்ட்டோவை விட்டுவிட்டீர்களே!

1953-இல் வந்த அந்தப் படத்திலும் ஐந்து பேர்தான். கடலோரச் சிற்றூரில் வேலைவெட்டி இல்லாமல் சுற்றுகிறார்கள். ஆல்பர்ட்டோவின் வீடு சகோதரி ஒல்காவின் சம்பாத்தியத்தில் நடக்கிறது. அவளிடமே கைநீட்டிக் காசு வாங்குகிறான். அவள் யாரோடு பழகலாம் என்று அதட்டவும் செய்கிறான். கார்னிவல் முடிந்து விடியும் நேரம், பெண் வேடத்தைக்கூடக் களையாமல், போதையில் தள்ளாடி வீடு திரும்புகிறான். அவன் கண்முன்னே ஒல்கா காதலனோடு காரில் கிளம்பிவிடுகிறாள். அழுகிற அம்மாவிடம், இனி நான் வேலைக்குப் போகிறேன் என்கிறான். ஏதாவது கிடைத்திருக்கிறதா என்று அம்மா கேட்க, இல்லை என்று சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போகிறான். ரயில் காட்சியைவிட என் நெஞ்சை அடைத்தது இதுதான்.

உங்கள் கடிதத்தில் அக்கா ஒரு வார்த்தையோடு சரி. வாடகையை யார் கட்டுகிறார், அவர் கல்யாணப் பேச்சு என்ன ஆனது, ஒன்றுமே இல்லை. மாமாக் கடையில் நீங்கள் நீட்டும் காசு யாருடையது தம்பி?

கூட்டாளிகளின் கோபத்துக்குப் பயப்படாதீர்கள். நீங்கள் போனால் நாளைக்கே அவர்கள் வீட்டிலும் கேள்வி வரும். அந்தக் கலக்கம்தான் அப்படிப் பேச வைக்கிறது. மொரால்டோ மாதிரி சொல்லாமல் மட்டும் போய்விடாதீர்கள். ஃபெலினியும் 1939-இல் சொந்த ஊரான ரிமினியை விட்டு ரோமுக்குப் போனவர்தான். ஊரில் கிடந்தவர்களை அவர் படத்தில் எவ்வளவு பரிவோடு காட்டியிருக்கிறார், பாருங்கள். பினாங்குக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து இ.டி.எஸ். ரயில் ஏறினால் நாலு மணி நேரம் சொச்சத்தில் கோலாலம்பூர். லீவு கிடைக்கும்போது வந்து அதே மேசையில் உட்காருங்கள், யார் வேண்டாம் என்றது?

இன்று ராத்திரி கடைக்குப் போகாமல் அக்காவோடு உட்கார்ந்து வீட்டுக் கணக்கைக் கேளுங்கள். முதல் சம்பளத்திலிருந்து மாதாமாதம் எவ்வளவு அனுப்புவீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். அதற்கப்புறம் டிக்கெட் போடுங்கள்.