தனியார் ஆரம்பப் பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளையும் எப்படி அரவணைப்பது?

கொழும்பில் தனியார் ஆரம்பப் பாடசாலை ஒன்றில் தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைகள் ஒட்டிப் பழக என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பொங்கலுக்கும் வெசாக்கிற்கும் மேடை போடுவது நல்லதுதான், ஆனால் அது ஒரு நாளோடு முடிந்துவிடும்.

முதலில் பிள்ளைகளின் பெயர் இடாப்பைப் பாருங்கள். யாழினியை வருடம் முழுக்க 'யாலினி' என்று கூப்பிட்டால் அந்தப் பிள்ளைக்கு மனம் சுருங்கிவிடும். வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டு, ஆசிரியர் சொல்லிப் பழக வேண்டும்.

அப்புறம் மொழி. 1987 இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. உங்கள் கடிதம் ஆங்கிலத்தில் மட்டும் போனால், பேத்தியைக் கூட்டிப்போக வரும் அம்மம்மாவுக்கு ஒன்றும் விளங்காது. மூன்று மொழியிலும் அனுப்புங்கள்.

கட்டணச் சலுகையில் சேரும் பிள்ளை யார் என்பது வகுப்பில் எவருக்கும் தெரியக்கூடாது.