ஓவசியர் பதில்கள்: சைக்கிளும் குளக்கட்டும்

போன இதழில் குளத்து மீனைப் பற்றி எழுதும்போது, இடையில் என்னுடைய லுமாலா சைக்கிளைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டேன். மீனைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வந்த கடிதமெல்லாம் சைக்கிள்தான். சரி, இந்த முறை அதுவாகவே இருக்கட்டும்.

கேள்வி: புதிதாக 16 கியர் உள்ள ரேஸ் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். லீவுக்கு மாங்குளத்தில் அம்மம்மா வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறேன். வன்னி தட்டை நிலம், அங்கே கியர் எதற்கு என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். உண்மையா ஐயா?
— கொழும்பிலிருந்து ஒரு மாணவர்

உங்கள் நண்பர்கள் வன்னியை பஸ் யன்னலால் பார்த்தவர்கள், தம்பி. பஸ்ஸில் இருக்கிறவருக்கு மேடு தெரியாது. சாரதியின் காலுக்குத்தான் தெரியும்.

நான் நீர்ப்பாசன வேலையில் 31 வருஷம் ஓவசியராக இருந்தவன். நிலத்தின் மேடு பள்ளம் அளக்கிற லெவல் கருவிப் பெட்டியைக் கரியரில் கட்டி, அதன் மூன்றுகால் ஸ்டாண்டைப் பாரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குளம் குளமாகத் திரிந்தேன். நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்பதைக் கருவியை இறக்குவதற்கு முன்னமே முழங்கால் சொல்லிவிடும். பிறகு லெவல் பிடித்துப் பார்த்தால் அநேகமாகச் சரியாக இருக்கும்.

மலை இல்லை, அது உண்மை. நுவரெலியாவை நினைத்துக்கொண்டு வராதீர்கள். ஆனால் நிலம் அலை அலையாகக் கிடக்கிறது. வவுனியா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீற்றர் உயரம். அந்த நடு வன்னி மேட்டிலிருந்து தண்ணீர் பல பக்கமும் பிரிந்து ஓடுகிறது. கனகராயன் ஆறு வடக்கே இரணைமடுவுக்குப் போகிறது. பாலியாறு மேற்கே வவுனிக்குளத்துக்கு. பேராறு கிழக்கே முத்தையன்கட்டுக்கு. ஓர் ஆற்றுக்கும் அடுத்த ஆற்றுக்கும் நடுவில் ஒரு மேடு இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகியிருக்கும் அல்லவா? அந்த மேடுகளைத்தான் உங்கள் சைக்கிள் ஏறி இறங்கப் போகிறது.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ34 வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 50 கிலோமீற்றர், காபெற் றோட்டு. மேட்டில் பாலையும் வீரையும் நிற்கும் காடு. இறங்க இறங்கக் காடு விலகி வயல் தெரியும். அடியில் ஒரு மதகு. மதகு தாண்டியதும் திரும்ப ஏற்றம். ஏற்றம் நீளமில்லை, மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடும். ஆனால் ஒன்று முடிய இன்னொன்று வரும், முப்பதாவது ஏற்றத்தில் தொடை பேச ஆரம்பிக்கும்.

அதனால் கியர் வேண்டும். ஆனால் 16 வேண்டாம், மூன்று நான்குதான் கைக்கு வரும். எப்போது மாற்றுவது என்பதற்கு என்னிடம் ஓர் அடையாளம் உண்டு. தூரத்தில் மருதமரம் தெரிந்தால் அங்கே தண்ணீரோ வாய்க்காலோ இருக்கிறது, அதாவது அதுதான் பள்ளத்தின் அடி. மருதமரத்தை அடையும் வரை மிதித்துக்கொண்டே இறங்குங்கள், மதகில் வைத்துக் கியரைக் குறையுங்கள். ஏற்றத்தில் பாதி ஏறிய பிறகு குறைக்கப் போனால் செயின் கடகடக்கும், சிலவேளை கழன்றும் போகும். இன்னொன்று, மதகின் தொடக்கத்திலும் முடிவிலும் றோட்டு கொஞ்சம் தாழ்ந்திருக்கும். மெல்லிய ரயர் அந்த விளிம்பில் அடிபட்டால் ரிம்மே வளையும்.

கேள்வி: நான் ஆசிரியை. 15 வயது மகளோடு ஒரு நாள் சைக்கிளில் போய்வர ஆசை. கிளிநொச்சியிலிருந்து எங்கே போகலாம்? நாற்பது கிலோமீற்றருக்கு மேல் மகளால் முடியாது. (என்னாலும்தான்.)
— கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகி

அடைப்புக்குள் எழுதியதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன், ரீச்சர்.

இரணைமடு போங்கள். விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் கண்டி வீதியில் லொறி குறைவு. இரணைமடுச் சந்தியில் திரும்பிக் குளத்துக்குப் போய், கட்டின் மேல் நின்று பாருங்கள். வடக்கின் மிகப் பெரிய குளம் அது. கடைசியாகப் புனரமைத்தபோது தண்ணீர் நிற்கும் ஆழத்தை 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தினார்கள். இரண்டு அடிதானே என்று தோன்றும். அந்தப் பரப்புக்கு இரண்டு அடி என்பது எத்தனை வயலின் சிறுபோகம், அதாவது கோடை நெல், என்று யோசியுங்கள். (பழைய தொழில் விடாது, மன்னிக்கவும்.)

தை, மாசியில் போனால் குளம் நிறைந்து, வெயிலும் கடுமையில்லாமல் இருக்கும். மாரியில் குளம் நிறைந்து மிஞ்சிய தண்ணீர் வான் பாயும் நாட்களில் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். கரையில் நின்று பாருங்கள், ஓடுகிற தண்ணீருக்குள் சைக்கிளை இறக்க வேண்டாம். முழங்கால் அளவுத் தண்ணீர் ஆளைச் சரித்துவிடும், சைக்கிளோடு போனால் இன்னும் சுகமாகச் சரிக்கும்.

திரும்பி வீதிக்கு வந்த பிறகு களைப்பில்லாவிட்டால் தெற்கே முறிகண்டி வரைக்கும் போகலாம். கண்டி வீதியில் போகிற வாகனமெல்லாம் நின்று கற்பூரம் கொளுத்துகிற பிள்ளையார், சைக்கிள் மட்டும் நிற்காமல் போகலாமா? அங்கே சுடச்சுடக் கச்சான் விற்பார்கள். உப்பும் கொழுப்பும் புரதமும் சேர்ந்த அந்தப் பையைவிட நல்ல சாப்பாடு சைக்கிள்காரருக்கு நான் கண்டதில்லை. தண்ணீர் மட்டும் ஆளுக்கு இரண்டு போத்தல் கட்டாயம்.

கேள்வி: ஒட்டுசுட்டானிலிருந்து முல்லைத்தீவுக்குக் காலையில் பறந்து போகிறேன். மத்தியானம் திரும்பும்போது உருட்டிக்கொண்டு வருகிறேன். வயதா, சைக்கிளா?
— 58 வயது வாசகர்

இரண்டும் இல்லை அண்ணை, சோளகம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்குக் காற்று அடிக்கிறது. காலையில் அது முதுகைத் தள்ளுகிறது, நீங்கள் உங்கள் கால்தான் என்று நினைக்கிறீர்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் கூடும். அதோடு கடற்கரையிலிருந்து உள்ளே வருவதென்றால் மொத்தத்தில் ஏற்றம்தான். எதிர்க்காற்றும் ஏற்றமும் மத்தியான வெயிலும் ஒன்றாக வந்தால் இளந்தாரியும் உருட்டுவான்.

அலுவலை முல்லைத்தீவில் வைக்காமல் மாங்குளத்தில் வையுங்கள். விடிய, காற்று எழும்ப முன் மேற்கே போங்கள். திரும்பும்போது சோளகம் வீட்டில் கொண்டுவந்து விடும். அலுவலை மாற்ற முடியாவிட்டால் பின்னேரம் நான்கு மணிவரை முல்லைத்தீவில் இருந்து மீன் பாருங்கள்.

கேள்வி: நெடுங்கேணிப் பக்கம் காட்டு றோட்டில் சைக்கிள் ஓட்டலாமா? ஆனை, மிதிவெடி என்று பயமுறுத்துகிறார்கள்.
— வவுனியாவிலிருந்து ஒரு வாசகர்

பயமுறுத்தவில்லை, உள்ளதைச் சொல்கிறார்கள்.

ஆனை இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் வீதி கடக்கும். ஆகவே நன்றாக விடிந்த பிறகு வெளிக்கிடுங்கள், பொழுதுபட முன் வீடு சேருங்கள். (ரீச்சருக்கு ஐந்தரை என்று சொன்னது கண்டி வீதிக்கு. காட்டு றோட்டுக்கு இல்லை.) றோட்டில் கிடக்கும் இலத்தி காய்ந்திருந்தால் ஓட்டுங்கள், ஈரமாக இருந்தால் நில்லுங்கள். ஒருமுறை ஒரு வளைவில் நான் ஆனையைக் கண்டபோது, மோட்டார் சைக்கிளாக இருந்தால் அது முன்னமே கேட்டு விலகியிருக்கும் என்று பிறகுதான் உறைத்தது. சைக்கிள் சத்தமில்லாமல் மிகக் கிட்டப் போய்விடுகிறது. அதுதான் ஆபத்து. மணி அடிக்கவில்லை. இறங்கி, சைக்கிளைத் திருப்பி, வந்த வழியே நடந்தேன். ஏறி மிதிக்கக் கால் வர நேரமெடுத்தது.

மிதிவெடிக்கு ஒரே விதி: பாவனையில் உள்ள பாதையை விட்டு இறங்காதீர்கள். நிழல் தேடியோ, ஒன்றுக்குப் போகவோ, பாலைப்பழம் பொறுக்கவோ பற்றைக்குள் போகக் கூடாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் படம் எடுக்கக்கூட நிற்காதீர்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கு பூநகரி வழியாகப் போக இருக்கிறோம். மெல்லிய ரயர் தாங்குமா? காற்றுப் போனால் வழியில் கடை உண்டா?
— நான்கு நண்பர்கள்

சங்குப்பிட்டிப் பாலத்தாலே போகிற ஏ32 நல்ல வீதி, ரயர் தாங்கும். ஆனால் குளம் பார்க்கவென்று உள்ளே திரும்பினால் கிறவல் றோட்டு. 25 மில்லிமீற்றர் ரயரோடு அதில் போனால் பல்லும் ஆடும். 32 போடுங்கள், காற்றையும் கொஞ்சம் குறைத்து வையுங்கள். விடத்தல் முள்ளுக்கு எந்த ரயரும் ஒன்றுதான், அது வேறு கதை.

கடை உண்டு. ஒட்டுப் போடுகிறவர்களும் கெட்டிக்காரர்கள். சிக்கல் ரியூப்பின் வாயில். நம் ஊர்ச் சைக்கிளின் வால்வு தடிப்பு, ரேஸ் சைக்கிளின் வால்வு பென்சில் முனை மாதிரி. கடைக்காரரின் பம் அதில் பொருந்தாது. சின்னப் பித்தளை மூடி ஒன்று இருக்கிறது, அதை வால்வில் திருகினால் சாதாரணப் பம்மே போதும். ஆளுக்கொன்று வாங்கிப் பையில் போடுங்கள்.

அடுத்தது அளவு. என் மருமகன் இதில் ஏமாந்தவர். ரயர் வெடித்து, ஒரு கடையில் “28 தானே, இருக்கிறது” என்று கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ரேஸ் சைக்கிளின் 700 ரிம்மையும் 28 என்பார்கள், பழைய பெரிய சைக்கிளையும் 28 என்பார்கள். ஆனால் ரயர் உட்காரும் இடத்தின் விட்டம் ஒன்றில் 622 மில்லிமீற்றர், மற்றதில் 635. பதின்மூன்று மில்லிமீற்றர்தான், ஆனால் ஜென்மத்துக்கும் பொருந்தாது. ரயரின் பக்கத்தில் அந்த மூன்று இலக்கம் பொறித்திருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: 90களில் நாங்கள் ஒரு வீட்டையே சைக்கிளில் கட்டி இடம்பெயர்ந்தவர்கள். இப்போது என் மகன் பொழுதுபோக்குக்காக வன்னியில் சைக்கிள் ஓட்ட வருகிறேன் என்கிறான். எனக்கு அது என்னவோ போல இருக்கிறது. தடுக்கவா?
— ரொறன்ரோவிலிருந்து ஒரு தாய்

தடுக்க வேண்டாம் தங்கச்சி. உங்களுக்கு என்னவோ போல இருப்பதும் பிழையில்லை.

1990இல் பெற்றோலுக்குத் தடை வந்த பிறகு சைக்கிள்தான் லொறி, அம்புலன்ஸ், கல்யாணக் கார், எல்லாமே. மோட்டார் சைக்கிளைக்கூட மண்ணெண்ணெயில் ஓட்டினோம். பற்றரி இல்லாதபோது சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். மூன்று மூட்டை நெல்லை வைத்து உருட்டிய ஒருவரிடம் போய், பொழுதுபோக்குக்கு ஓட்டுவீர்களா என்று கேட்டால் அவர் சிரித்திருக்க மாட்டார்.

லெவல் பெட்டி கட்டித் திரிந்தேன் என்று மேலே சொன்னேனே, அந்தச் சைக்கிளை 2009 தொடக்கத்தில் விசுவமடு தாண்டி ஒரு வாய்க்கால் கரையில் சாத்தி வைத்தேன். பூட்டிவிட்டுத்தான் போனேன். திறப்பு பிறகும் பல நாள் சட்டைப்பையில் இருந்தது. மீளக் குடியேறி வந்தபோது துருப்பிடித்த சைக்கிள்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. அதற்குள் என்னுடையதைத் தேட மனம் வரவில்லை. கொஞ்சக் காலம் கழித்து இந்த லுமாலாவை வாங்கினேன். முதல் நாள் ஒரு வேலையும் இல்லாமல் குளக்கட்டில் ஓட்டிப் பார்த்தேன். கரியரில் ஒன்றும் இல்லாத சைக்கிள் அவ்வளவு இலேசாக ஓடும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

மகன் வரட்டும். கரியர் பூட்டாத சைக்கிளாகவே கொண்டு வரட்டும். வைகாசிக்கு முன் வரச் சொல்லுங்கள், இரண்டு ரியூப்பும் அந்தப் பித்தளை மூடியும் பையில் இருக்கட்டும். நீங்கள் நடந்த றோட்டு எது என்று கேட்டால் பெயரைச் சொல்லிவிடுங்கள், மேடு பள்ளத்தை நான் சொல்லிக் கொடுக்கிறேன்.