ஊதும் பரிசோதனைக்கு எட்டாத கடைமடை

கேள்வி: எனக்கு வயது 54. இருபது ஆண்டுகள் புகைபிடித்து, மூன்று ஆண்டுகளுக்கு முன் நிறுத்திவிட்டேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனையில் மற்ற அளவுகள் இயல்பாக இருக்க, ‘எஃப்.இ.எஃப். 25-75’ மட்டும் எதிர்பார்க்கப்படும் அளவில் 58 சதவீதம் என்று வந்திருக்கிறது. ‘சிறு மூச்சுக்குழாய் நோய்’ என அறிக்கையில் எழுதியுள்ளனர். வேறொரு மருத்துவர் ஆசிலோமெட்ரி செய்யச் சொல்கிறார். அது தேவையா?

பதில்: அந்த ஒற்றை எண்ணை வைத்து உங்களுக்கு நோய் என்று முடிவுகட்ட முடியாது. அதே சமயம், ஸ்பைரோமெட்ரி இயல்பாக வந்துவிட்டதால் சிறு மூச்சுக்குழாய்கள் நலமாக உள்ளன என்றும் சொல்லிவிட முடியாது.

உள்விட்டம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவான, குருத்தெலும்பு இல்லாத குழாய்களையே சிறு மூச்சுக்குழாய்கள் என்கிறோம். தனித்தனியே மிகக் குறுகியவையானாலும் அவை எண்ணற்றவை என்பதால், நலமான நுரையீரலில் காற்றோட்டத்திற்கான மொத்தத் தடையில் அவற்றின் பங்கு சொற்பமே. கல்லணையில் நீரின் அளவைப் பார்த்துக் கடைமடை வாய்க்கால்களில் எத்தனை தூர்ந்துபோயின என்று அறிய முடியாததைப் போல, கணிசமான சிறு குழாய்கள் அடைபட்ட பிறகும் ஊதும் பரிசோதனையின் முக்கிய அளவுகள் அசையாமல் இருக்கக்கூடும். நாள்பட்ட அடைப்பு நுரையீரல் நோயில் தடை பெரும்பாலும் இந்தச் சிறு குழாய்களில்தான் இருக்கிறது என்பதை, இறந்தவர்களின் நுரையீரல்களில் நேரடியாக அளந்து 1968-இல் ஹாக், மக்லம், தர்ல்பெக் ஆகிய ஆய்வாளர்கள் காட்டினர்.

உங்கள் அறிக்கையிலுள்ள எண், நீங்கள் ஊதி வெளியேற்றிய காற்றின் நடுப்பாதி எவ்வளவு வேகத்தில் வந்தது என்பதன் சராசரி. முழுமையாக ஊதாமல் இடையில் நிறுத்தினாலே அது மாறிவிடும். நலமானவர்களிடையேயும் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். உங்கள் வயதில் 58 சதவீதம் இயல்பின் எல்லைக்குள்ளேயே அடங்கக்கூடும். பரிசோதனைக் கூடங்கள் இந்த எண்ணைக் கண்டதும் நோயின் பெயரை அச்சிட்டுவிடும் பழக்கம் எனக்கு உடன்பாடானதல்ல.

ஆசிலோமெட்ரியில் பலமாக ஊத வேண்டியதில்லை. மூக்கை கிளிப்பால் அடைத்து, கன்னங்களை உள்ளங்கைகளால் தாங்கிக்கொண்டு, ஏறக்குறைய அரை நிமிடம் இயல்பாக மூச்சுவிட்டால் போதும்; கருவி மெல்லிய அழுத்த அலைகளை உள்ளே அனுப்பும். 5 ஹெர்ட்ஸ் அலை நுரையீரலின் ஆழம்வரை செல்லும். 20 ஹெர்ட்ஸ் அலை பெரிய குழாய்களைத் தாண்டி அதிகம் போகாது. ஆகவே இரண்டிலும் அளக்கப்படும் தடைகளின் வித்தியாசம் கூடுதலாக இருந்தால், கோளாறு கடைக்கோடியில் என்று ஊகிக்கலாம். இதுவும் ஊகமே, உடல் பருமன், கருவியின் வாய்க்குழாயை நாக்கு மறைப்பது, உதட்டோரம் காற்று கசிவது ஆகியவை முடிவைக் குழப்பும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துக்கு முன்னும் பின்னும் அளந்தால் பயன் அதிகம்.

தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்து, நுரையீரலிலிருந்து நைட்ரஜன் எவ்வளவு சீராக வெளியேறுகிறது என்று பார்க்கும் பரிசோதனை மேலும் நுட்பமானது. ஆனால் சில மையங்களில் மட்டுமே கிடைக்கிறது. மூச்சை வெளிவிட்ட நிலையில் எடுக்கும் சி.டி. படம் சிக்கிய காற்றைக் காட்டும் என்றாலும், கதிர்வீச்சு கருதி முதலிலேயே அதற்குப் போக வேண்டாம்.

எனவே ஆசிலோமெட்ரியைத் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். ஆனால் உங்கள் நிலையில், காற்றறைகளிலிருந்து வாயு இரத்தத்துக்குள் எவ்வளவு நன்றாகச் செல்கிறது என்று பார்க்கும் கார்பன் மோனாக்சைடு பரவல் திறன் பரிசோதனையை நான் அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன்; புகைத்தவர்களில் சிலருக்கு ஸ்பைரோமெட்ரி இயல்பாக இருக்கும்போதே காற்றறைகள் சிதையத் தொடங்கியிருக்கும், அதை இது காட்டிக்கொடுக்கும். படியேறும்போது வரும் மூச்சிரைப்புக்கு இதயமும் இரத்தசோகையும் காரணமாகலாம் என்பதால், இதயத்துக்கான எக்கோ ஸ்கேனும் ஹீமோகுளோபின் அளவும் பார்த்துவிடுங்கள். இவை முடியும்வரை, 58 என்ற எண்ணுக்காக மட்டும் யாரேனும் இன்ஹேலர் எழுதித் தந்தால், காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். அடுத்த பரிசோதனைக்குச் செல்லும்போது பழைய அறிக்கையை வரைபடத்தோடு எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் முழுமையாக ஊதினீர்களா என்பது அந்தக் கோட்டிலேயே தெரிந்துவிடும்.