கிராஃப்ட்வெர்க்: யார் போனது காதில் விழுகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியின் மின்னணு இசைக்குழுவான கிராஃப்ட்வெர்க்கை இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். 2008-இல், அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஃப்ளோரியன் ஷ்னைடர் விலகியதோடு அந்தக் குழு முடிந்துவிட்டது என்கிறார் நண்பர். இன்று மேடையில் நிற்கும் நால்வரில் ரால்ஃப் ஹூட்டர் மட்டுமே பழையவர். ஆட்கள் மாறியது இசையில் தெரியுமா? எதிலிருந்து தொடங்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நன்றாகவே தெரியும். ஆனால் உங்கள் நண்பர் சொல்லும் ஆண்டில் அல்ல. பெரிய இழப்பு 1990-இல், தாளக்கலைஞர் கார்ல் பார்டோஸ் வெளியேறியபோது நேர்ந்தது.

முதலில் ஓர் எச்சரிக்கை. 1991-இல் வந்த 'தி மிக்ஸ்' ஆல்பத்திலிருந்து தொடங்காதீர்கள். பழைய பாட்டுகளை டிஜிட்டல் ஒலிகளில் புதிதாகச் செய்த தொகுப்பு அது. 2017-இன் '3-டி' தொகுப்பு மேடைப் பதிவு. இரண்டிலும் பாட்டின் பெயர்கள் பழையவை, வாசிப்பு புதியது. ஆள் மாறிய தடம் அவற்றில் பிடிபடாது.

தாளத்தைப் பின்தொடருங்கள். 1971-இல் ஹூட்டரே சில மாதங்கள் விலகியிருந்தார். அப்போது ஷ்னைடருடன் வாசித்த மிஷாயேல் ரோட்டரும் கிளவுஸ் டிங்கரும் பிரிந்துபோய் 'நோய்!' (Neu!, ஜெர்மன் மொழியில் 'புதியது') குழுவைத் தொடங்கினார்கள். 1973-இல் வோல்ஃப்காங் ஃப்ளூர் வந்தார். அவர் வாசித்தது தோல் கட்டிய டிரம் அல்ல. உலோகக் கோலால் உலோகத் தட்டைத் தொட்டால் மின்சுற்று மூடி ஒலி பிறக்கும். 'ஆட்டோபான்' (1974) ஆல்பத்தில் அந்தக் கையின் லேசான ஏற்ற இறக்கம் கேட்கும். 1975-இல், இசைக்கல்லூரியில் தாளவாத்தியம் பயின்ற பார்டோஸ் சேர்ந்தார்.

1977-இன் 'ட்ரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்' ஆல்பத்தில் சீக்வென்சர் நுழைகிறது. சுரவரிசையை இயந்திரமே ஒரே சீராகத் திருப்பித் திருப்பி வாசிக்கும். அது வலுக்க வலுக்க, கையால் தட்டுபவருக்கு வேலை குறைகிறது. ஃப்ளூர் 1987-இல் விலகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பார்டோஸ் கதை வேறு. 'தி மேன்-மெஷின்' (1978), 'கம்ப்யூட்டர் வேர்ல்ட்' (1981) இரண்டிலும் எல்லாப் பாட்டுக்கும் இசையமைத்தவர்கள் வரிசையில் அவர் பெயர் உண்டு. 'கம்ப்யூட்டர் வேர்ல்ட்' ஆல்பத்தில் உள்ள 'நம்பர்ஸ்' பாட்டின் தாளத்தை மட்டும் தனியாகக் கேளுங்கள். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஹிப்-ஹாப் கலைஞர் ஆஃப்ரிகா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்' பாட்டு அதை எடுத்துக்கொண்டது. ஹிப்-ஹாப்பின் ஒரு பெரிய கிளை அங்கிருந்து முளைத்தது. 'எலெக்ட்ரிக் கஃபே' (1986) ஆல்பத்தில் 'தி டெலிஃபோன் கால்' பாட்டைப் பாடுவதும் அவர்தான். ஐந்து ஆண்டு இடைவெளியில் வந்த அந்த ஆல்பம் மொத்தமே சுமார் 35 நிமிடம். இந்த மந்தம்தான் அவரை வெளியே தள்ளியது.

அவர் போனபின் வந்த புதுப்பாட்டு ஆல்பம் ஒன்றே ஒன்று: 'டூர் டி ஃபிரான்ஸ் சவுண்ட்ட்ராக்ஸ்' (2003). பின்னாளில் குழுவில் சேர்ந்த ஃபிரிட்ஸ் ஹில்பெர்ட்டின் பங்கு அதில் பெரிது. நல்ல ஆல்பம், 'விட்டமின்' பாட்டை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் வாயில் முணுமுணுக்க வைக்கும் மெட்டு அதில் குறைவு. ஷ்னைடர் அப்போது குழுவில்தான் இருந்தார் என்பதை நண்பரிடம் சொல்லுங்கள். 2020-இல் மறைந்த அவருடைய பெரிய கொடை இயந்திரக் குரல்கள். அவை பாட்டுகளுக்குள்ளேயே பதிந்துவிட்டதால், அவர் இல்லாத மேடையிலும் ஒலிக்கின்றன. புது மெட்டை அப்படிச் சேமித்து வைக்க முடியாது.

'கம்ப்யூட்டர் வேர்ல்ட்' முதலில், ஹெட்ஃபோனில். பிறகு பின்னோக்கி 'ஆட்டோபான்' வரை போங்கள். அதன்பின் பார்டோஸ் 2013-இல் வெளியிட்ட 'ஆஃப் தி ரெக்கார்ட்'. கிராஃப்ட்வெர்க் காலத்தில் அவர் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து பிறந்த பாட்டுகள் அதில் இருக்கின்றன.