புரண்டு படுத்தால் அறை சுற்றுகிறது: இது பக்கவாதத்தின் அறிகுறியா?

அம்மா, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து நீங்கள் எழுதிய நாலு பக்கத்தில் கழுத்து எலும்பு தேய்மானம், பித்தம், காது இரைச்சல், மகன் போனில் தேடிக் கண்டுபிடித்த மூளைக்கட்டி எல்லாம் இருக்கின்றன. ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது கடைசி வரி: "என் அம்மாவுக்கும் தலைசுற்றலில்தான் ஆரம்பித்தது, மறுநாளே ஒரு பக்கம் விழுந்துவிட்டது."

உங்களுக்கு வருவது அதுபோலத் தெரியவில்லை. வலப்பக்கம் புரண்டால், கொடியில் துணி போட அண்ணாந்தால், கோலம் போட்டு நிமிர்ந்தால் சுற்றுகிறது. 30, 40 வினாடியில் நின்றுவிடுகிறது. அசையாமல் உட்கார்ந்தால் ஒன்றுமில்லை, கோயிலுக்கும் கடைக்கும் நடந்தே போய்வருகிறீர்கள். இது காதின் வேலை. பிரஷரும் காரணமில்லை. பிரஷர் இறங்கினால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். படுத்தபடியே புரள்வதால் அது இறங்காது.

உங்கள் அம்மாவுக்கு வந்தது அநேகமாக மூளையின் பின்பகுதிக்குப் போகும் ரத்தக்குழாயின் அடைப்பு. அதற்கு நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய அடையாளம் ஒன்றுதான்: படுத்தாலும் உட்கார்ந்தாலும் நிற்காத சுற்றல், அதோடு எதையும் பிடிக்காமல் நாலடி நடக்க முடியாமை. கைகால் வலுவாகவே இருக்கலாம், வாய் கோணாமலும் இருக்கலாம். நிற்க வைத்தால் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்வார். சிலருக்குப் பேச்சு குழறும், ரெண்டு ரெண்டாகத் தெரியும், விழுங்கினால் புரையேறும். வாந்தி அதிகமாக வருவதால், சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறார்கள். காரியம் கெடுவது அங்கேதான். அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். உங்கள் ஊர் ஆம்புலன்ஸ் எண் 10177-ஐக் கூப்பிடுங்கள், கைப்பேசியிலிருந்து 112. ஆஸ்பத்திரியில் "தலைசுற்றல்" என்று மட்டும் சொல்லாதீர்கள், "நடக்க முடியவில்லை" என்று சொல்லுங்கள். பின்மூளை அடைப்பு முதல் சி.டி. ஸ்கேனில் தெரியாமல் போவது சகஜம். ஸ்கேன் நார்மல் என்றாலும், நடக்க முடியாதவரை வீட்டுக்குக் கூட்டிவரக் கூடாது.

இனி உங்கள் காதுக்கு வருவோம். ஒவ்வொரு காதின் உள்ளேயும், எலும்புக்குள், மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. இரண்டு சுவரும் தரையும் ஒரு மூலையில் சேர்வதுபோல மூன்றும் மூன்று திசையில் இருக்கும். உள்ளே நீர். தலையைத் திருப்பினால் குழாயும் கூடவே திரும்பும், நீர் மட்டும் சற்றுப் பின்தங்கும். அந்த இழுப்பில் ஒரு கூழ்மத் தடுப்பு வளைய, அதில் பதிந்திருக்கும் மயிரணுக்கள் தலை எந்தப் பக்கம் போகிறது என்று மூளைக்குச் சொல்லும். மூளை உடனே கண்ணை எதிர்ப்பக்கம் அதே அளவு நகர்த்தும். உங்கள் மகன் இணையத்தில் தேடுவதற்குப் பதில் இதைச் செய்து பார்க்கட்டும்: ஒரு தாளை வேகமாக இடமும் வலமும் ஆட்டிப் படித்தால் எழுத்து கலங்கும். தாளை அசைக்காமல் தலையை அதே வேகத்தில் ஆட்டினால் படிக்க முடியும். அந்த வித்தியாசம் உட்காதின் உபயம்.

குழாய்களுக்கு அருகே இரண்டு சின்னப் பைகளும் உண்டு. அவற்றில் கூழ்மத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டியிருக்கும். எது மேல், எது கீழ், லிஃப்ட் ஏறுகிறதா இறங்குகிறதா என்று நமக்குத் தெரிவது அவற்றின் கனத்தால்தான். 50 வயது தாண்டினாலோ, தலையில் அடிபட்டாலோ, பல நாள் படுத்தே கிடந்தாலோ சில துகள்கள் கழன்று குழாய்க்குள் போய்விடும். பெரும்பாலும் பின்குழாய்க்குள், ஏனென்றால் அதுதான் தாழ்ந்திருக்கிறது. நீங்கள் புரளும்போது துகள் உருண்டு நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. உடம்பு நின்ற பிறகும் உள்ளே நீர் ஓடுவதால் வலக்காது "சுற்றுகிறோம்" என்கிறது, இடக்காது "இல்லை" என்கிறது. துகள் படிந்ததும் அடங்கிவிடுகிறது.

காதில் விடும் நல்லெண்ணெய் செவிப்பறையைத் தாண்டி அங்கே போகாது. உங்கள் 61 வயதில் கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியாவிட்டால்தான் ஆச்சரியம், கழுத்துக்குப் போட்டிருக்கும் காலரைக் கழற்றி வையுங்கள். பித்தத்துக்கு இதில் வேலையே இல்லை. பல வருடமாக இரு காதிலும் உள்ள இரைச்சலுக்குக் கேட்கும் திறன் சோதனை ஒன்று போதும். ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனால்தான் அன்றே ஓட வேண்டும்.

தலைசுற்றலுக்கும் குமட்டலுக்கும் கொடுக்கும் ஸ்டெமெடில் மாத்திரையை நீங்களாகவே வாங்கி, தினம் மூன்றாக மூன்று வாரம் விழுங்கியிருக்கிறீர்கள். எதற்கு? அந்த மாத்திரை ஒரு துகளையும் நகர்த்தாது. குமட்டலுக்கு ஒன்றிரண்டு நாள் சரி. தொடர்ந்தால் மூளை தானாகச் சமன் செய்துகொள்வதைத் தடுக்கும், தூக்கக் கலக்கத்தில் விழ வைக்கும். வயதானவர்களுக்குக் கைநடுக்கமும் உடல் விறைப்பும் வந்து, பார்க்கின்சன் நோய் என்று இன்னொரு வைத்தியம் ஆரம்பமாகும். நாளை டாக்டரிடம் போகும்போது அட்டையை எடுத்துப் போய்க் காட்டி, நிறுத்திவிடுங்கள்.

இதற்கு வைத்தியம் மருந்தில்லை, தலையைத் திருப்பும் முறை. அமெரிக்கக் காது மருத்துவர் ஜான் எப்லி இதை முதலில் சொன்னபோது சக மருத்துவர்கள் நம்பவில்லை. 1992-இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு உலகமெங்கும் செய்கிறார்கள். டாக்டர் முதலில் உங்களைச் சட்டென்று மல்லாத்தி, கருவிழி துடிப்பதைப் பார்த்து எந்தக் காது என்று உறுதி செய்வார். வலக்காது என்றால், படுத்தால் தோளுக்கடியில் வரும்படி தலையணை வைத்து, காலை நீட்டி உட்கார வைப்பார். முகத்தை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, தலை சற்றுத் தொங்கும்படி மல்லாத்துவார். சுற்றும், பயப்படாதீர்கள். அது அடங்கி 30 வினாடி ஆனதும் தலையை இடப்பக்கம் 90 பாகை திருப்புவார். மறுபடி 30 வினாடி. பிறகு முகம் தரையைப் பார்க்கும்படி உடம்போடு இடப்பக்கம் ஒருக்களித்து இன்னொரு 30. கடைசியில் தாடையை நெஞ்சோடு சேர்த்தபடி மெதுவாக எழுப்புவார். துகள் குழாயைச் சுற்றிவந்து பையில் விழுந்துவிடும். பலருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே சரியாகும். ஓரிரு நாள் லேசான தள்ளாட்டம் இருக்கலாம். வருடங்கள் கழித்துத் திரும்பவும் வரலாம், அப்போதும் இதே வைத்தியம்தான்.

வீடியோவைப் பார்த்து முதல் தடவையே நீங்களாகச் செய்யாதீர்கள். காது மாறிப்போனால் பலன் இல்லை, பாதியில் எழுந்தால் துகள் வேறு குழாய்க்குள் போகும். கழுத்து ஆபரேஷன், விழித்திரைக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தும் நிற்காவிட்டால் அப்போது ஸ்கேனைப் பற்றிப் பேசலாம்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மல்லாத்திப் பார்க்கும் சோதனையில் சுற்றல் வராவிட்டால் தாராளமாக எடுக்கலாம். அதுவரை ஏணி ஏறாதீர்கள், காரும் ஓட்டாதீர்கள். டர்பன் வெயிலில் வெறுங்காலோடு நடக்கும் நாள் அது. விரதம் என்று தண்ணீரை நிறுத்த வேண்டாம், பிரஷர் மாத்திரையை எப்போது போடுவது என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மகனைப் பக்கத்திலேயே நடக்கச் சொல்லுங்கள், போனை வீட்டில் வைத்துவிட்டு.